"பாத்துக்கிடலாம்" என்று சொல்வதற்கு முன்: சின்னத் தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலியில், பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். பில் புக், லெட்டர் பேடு, விசிட்டிங் கார்டு, தை நெருங்கினால் கல்யாணப் பத்திரிகை. வருகிறவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. "அக்கா, இந்தப் பார்ட்டிக்கு என்ன பதில் போடட்டும்?" என்று போனையும் நீட்டுவார்கள். பத்தமடைப் பாய், காருக்குறிச்சிப் பானை, கல்லிடைக்குறிச்சி அப்பளம், மேலப்பாளையத்தில் தையல் யூனிட் என்று தொழில் வேறு வேறு. சந்தேகம் என்னவோ ஒன்றேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"நாங்க சின்ன ஆளுதான். எங்களுக்கு எதுக்குக்கா பில் புக்கு?"

பில் தராமல் இருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் தீர்ந்த பிறகும் மேஜை டிராயரில் கிடப்பது அந்தச் சீட்டுதான். கடைப் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, நீங்கள் உண்மையிலேயே எடுக்கிற போன் நம்பர். இவ்வளவு இருந்தால் போதும். பில் புக் விற்கிறவள், அதனால் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரசீதுப் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே.

ஒன்று மட்டும்: ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து, உணவுப் பொருளில் போடும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணுக்கு 14 இலக்கம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். ஒரு இலக்கம் குறைவாக ஆயிரம் லேபிள் அடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

"கஸ்டமரை அண்ணாச்சின்னு கூப்பிட்டா மரியாதைக் குறைவா?"

நம்மூரில் அதைவிட மரியாதை என்ன இருக்கிறது? வண்ணார்பேட்டைக்காரரை "சார்" என்றால்தான் தள்ளி நிறுத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். பாய் கேட்டு அங்கிருந்து போன் செய்கிறவரிடம் "சொல்லுங்க அண்ணாச்சி" என்றால் ஒரு நொடி முழிப்பார். வெளியூர் என்று தெரிந்தால் பெயரைக் கேட்டுக்கொண்டு, பெயரோடு சார், மேடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் "அம்மா" என்பதை யோசித்துச் சொல்லுங்கள். முப்பது வயதுக்காரர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. (என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் என்னை அக்கா என்கிறார்கள். கடை வைத்தால் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

எழுத்து என்று வந்துவிட்டால் யாராக இருந்தாலும் "நீங்கள்". நேரில் "என்னவே, பணம் வருமா வராதா?" என்றால் அவரும் சிரிப்பார். அதே வரியைத் திரையில் படித்தால் சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். முகமும் குரலும் கூடப் போகாத இடத்துக்கு அந்த "வே"யை அனுப்பாதீர்கள்.

"தமிழ்ல எழுதணுமா? இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சா ஆகாதா?"

ஆகும், பிழை வராதவரை. ஒரு பானைக்காரருக்கு நடந்தது இது. தண்ணிப் பானை நாலு கேட்டு வெளியூர்க் கடையிலிருந்து ஆர்டர். உடைகிற சாமான் ஆயிற்றே, "பாத்து அனுப்புங்க" என்று இங்கிலீஷ் எழுத்தில் கடைசியாக ஒரு வரி. பி-ஏ-டி-எச்-யூ. வீட்டில் போனைப் பார்த்த பையன் அதைப் "பத்து அனுப்புங்க" என்று படித்துவிட்டான். பத்துப் பானை போய் இறங்கியது. திருப்பி அனுப்பிய லாரிக் கூலியை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். தமிழில் தட்டியிருந்தால் ஒரு துணைக்கால் அந்தக் கூலியை மிச்சப்படுத்தியிருக்கும்.

அவர் எந்த மொழியில் எழுதுகிறாரோ அந்த மொழியில் பதில் எழுதுங்கள். கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் வேண்டுமென்றால் சின்னச் சின்ன வாக்கியம் போதும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பெரிய இங்கிலீஷை அனுப்பிவிட்டு, அவர் போனில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்?

"வாய்ஸ் மெசேஜ் போட்டா ஈசியா முடிஞ்சிருதே?"

பேசுவதற்கு வாய்ஸ் நல்லதுதான். ஆனால் ஆர்டர் முடிவானதும் அதை ஒருமுறை எழுதி அனுப்புங்கள். என் தொழிலில் ப்ரூஃபில், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கக் கொடுக்கும் படியில், கையெழுத்து வாங்காமல் மிஷின் ஓடாது. பெண்ணின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போனால் யார் பொறுப்பு என்பது அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு ப்ரூஃப் வேண்டும். அப்பளக்காரர் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்தது:

"வணக்கம். நீங்கள் சொன்ன ஆர்டர்: உளுந்து அப்பளம், பெரிய சைஸ், 20 கட்டு. பார்சல் செலவு சேர்த்து மொத்தம் 2,400 ரூபாய். அட்வான்ஸ் 1,000 வந்தது. மீதி 1,400 பார்சல் போடும் முன். அனுப்பும் நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை. எல்லாம் சரி என்றால் 'சரி' என்று பதில் போடுங்கள்."

அந்த "சரி" வரும்வரை உளுந்தை நனைக்காதீர்கள். தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுவது பத்திரிகை அடிக்கிறவர்கள் பழக்கம். ஒன்று தப்பாக இருந்தால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். "நாளைக்கு" என்று எழுதவே எழுதாதீர்கள். நீங்கள் ராத்திரி அனுப்புவதை அவர் காலையில் படித்தால் அவருடைய நாளை வேறு.

"ரேட்டை மட்டும் கேட்டுட்டு ஓடிருதாங்க. போன்லதான் சொல்லுவேன்னு சொல்லலாமா?"

விலையை மறைத்தால் ஓட்டம் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரே பதிலில் விலை, அதில் என்னென்ன அடங்கும், எது அடங்காது என்று சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் பார்சல் செலவையும் ஜிஎஸ்டியையும் நீட்டினால் பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏமாந்த மாதிரியே அவருக்கு இருக்கும்.

"பாய் என்ன விலை?" என்கிற கேள்விக்கு ஒரே விலை சொல்ல முடியாது என்பது பத்தமடைக்காரருக்குத் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்களோ அந்த அளவுக்குத் தறியில் நாளும் கூடும், விலையும் கூடும். அதனால் இத்தனையிலிருந்து இத்தனை வரை, வித்தியாசம் எதனால் என்று இரண்டே வரி, கூடவே "தரையில் விரிக்கவா, கல்யாணத்துக்கா?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்கிறவர் வாங்க வந்தவர். சொல்லாதவர் வேடிக்கை பார்க்க வந்தவர், அவரும் நம்மாள்தான், விடுங்கள். கொட்டேஷன் என்றால் கடைசியில் "இந்த விலை 30ஆம் தேதி வரை" என்று ஒரு வரி கட்டாயம். பேப்பர் விலை ஏறிய பிறகு போன வருஷக் கொட்டேஷனோடு என் கடைக்கு வந்து நின்றவர்கள் உண்டு.

"ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வருது. உடனே பதில் போடணுமா?"

வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம்தான். கடை மூடிய நேரத்தில் தானாகப் போகிற பதிலை அதில் எழுதி வைக்கலாம். "காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் பதில் சொல்கிறேன்" என்று எழுதினால் போதும். எழுதியபடி 9 மணிக்குச் சொல்லுங்கள்.

"தினமும் குட் மார்னிங் படம் போட்டா வியாபாரம் வருமா?"

எனக்குத் தெரிந்து வந்ததில்லை. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவது உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். தினமும் தாமரைப் பூ அனுப்பினால் அவர்களும் ஒருநாள் பிளாக் செய்துவிடுவார்கள். சேதி இருந்தால் அனுப்புங்கள். "தீபாவளி ஆர்டர் இந்தத் தேதியோடு முடிகிறது", "ஆனித் தேர் அன்று கடை லீவு". வருஷத்துக்குப் பத்துத் தடவை வந்தால் படிப்பார்கள்.

"சொன்ன நாள்ல முடியாதுன்னு தெரிஞ்சா எப்பக்கா சொல்லணும்?"

உங்களுக்குத் தெரிந்த அன்றைக்கே. இதை நான் சுகமாகக் கற்றுக்கொள்ளவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். தாமிரபரணி ஏறி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் தண்ணீர். ஜங்ஷன் பக்கம் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் தை முகூர்த்தப் பத்திரிகைகளுக்கான அட்டை முழுக்க ஊறிப்போனது. கரண்ட் இல்லை, போனில் கொஞ்சம்தான் சார்ஜ். அந்தக் கொஞ்சத்தில் நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? அட்டை சப்ளையரை. பத்திரிகை கொடுத்தவர்களைக் கூப்பிடவில்லை, திட்டுவார்களே என்று. நாலாம் நாள் ஒரு பெண்ணின் அப்பா நேரில் வந்தார். திட்டவே இல்லை. "நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியல, அதான் மதுரையில கொடுத்துட்டேம்மா" என்றார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

தாமதத்தைச் சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: என்ன ஆயிற்று (ஒரே வரி, கதை வேண்டாம்), புதுத் தேதி (கிழமையோடு), அவர் வேண்டாம் என்றால் பணம் எப்போது திரும்பும். புதுத் தேதியைக் கொஞ்சம் தள்ளியே சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் தேதி மாறினால் முதல் தடவை சொன்ன காரணத்தையும் நம்ப மாட்டார்கள்.

"பில்லுல 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு அடிச்சுத் தாங்க"

இது கேள்வியே இல்லை, உத்தரவு. வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். நான் அடித்துக் கொடுப்பதில்லை. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் முதல் பதிலில் சொன்ன அதே சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பதிலாக இப்படி அடிக்கச் சொல்கிறேன்: "பொருளில் குறை இருந்தால் 7 நாளுக்குள் பில்லோடு வாருங்கள். மாற்றித் தருகிறோம் அல்லது பணம் தருகிறோம். அளவுக்கு வெட்டிய துணியில் குறை இல்லையென்றால் மாற்ற இயலாது." உங்களுக்கும் பாதுகாப்பு, படிக்கிறவருக்கும் முகத்தில் அடித்த மாதிரி இருக்காது.

"கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு அசிங்கமா எழுதிட்டான். அழிக்க முடியுமா?"

கூகுளின் விதிகளை மீறியிருந்தால் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக அழிக்க மாட்டார்கள். கடைக்காரர் பதில் எழுத இடம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது திட்டியவர் இல்லை, நாளைக்கு வாங்க வரப்போகிறவர். அதனால் கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள், வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு.

தப்பு நம் பக்கம் என்றால்: "3ஆம் தேதி வந்த பார்சலில் இரண்டு கட்டு நொறுங்கியிருந்தது உண்மை. மாற்று அனுப்புகிறோம், இந்த நம்பருக்கு அழையுங்கள்." நம் பக்கம் இல்லையென்றால் என்ன நடந்தது என்று தேதியோடு இரண்டு வரி, அவ்வளவுதான். மச்சானையும் கொழுந்தனையும் விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்வதை நானும் பார்க்கிறேன். எல்லா விமர்சனமும் ஒரே நாளில், ஒரே மாதிரி "சூப்பர் கடை" என்று இருந்தால் பார்க்கிறவருக்குத் தெரியாதா?

"பாக்கியைக் கேக்கக் கூச்சமா இருக்கு. எப்படித்தான் கேக்குறது?"

எல்லாவற்றையும்விட அதிகம் வரும் கேள்வி இதுதான். நம்மூர்ப் பேச்சில் பணத்தை நேராகச் சொல்ல மாட்டோம். "பாத்துக்கிடலாம்", "குடுக்கதைக் குடுங்க", "உங்களுக்குத் தெரியாததா". இதில் அன்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "பாத்துக்கிடலாம்" என்பதை விற்றவர் பத்து நாள் என்று எடுத்துக்கொள்வார், வாங்கியவர் தீபாவளி என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

நானே ஒரு நிறுவனத்துக்கு டைரி அடித்துக் கொடுத்துவிட்டு ஏழு மாதம் அலைந்தேன். மாதாமாதம் "சார், அந்த விஷயம் என்னாச்சு?" என்று மெசேஜ். ஆறாவது மாதம் அங்கிருந்த கணக்காளர் நிஜமாகவே கேட்டார்: "எந்த விஷயம் மேடம்?" ஆறு மாதமாக நான் பணம் என்ற சொல்லையே எழுதவில்லை. பில் நம்பர், தொகை, தேதி மூன்றையும் போட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் வந்துவிட்டது.

அதிலிருந்து மூன்று மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்: "வணக்கம் சார். பில் எண் 118, தொகை 8,600 ரூபாய், 20ஆம் தேதி திங்கள் அன்று தர வேண்டியது. நினைவூட்டலுக்காக." கெடு தாண்டிய மறுநாள்: "நேற்றுவரை தொகை வரவில்லை. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்." பதினைந்து நாள் ஆனால்: "இந்தத் தொகை வந்த பிறகுதான் அடுத்த ஆர்டரை எடுக்க முடியும்." மூன்றிலும் மன்னிப்பு இல்லை, "தொந்தரவுக்கு வருந்துகிறேன்" இல்லை. உங்கள் பணத்தைக் கேட்பது தொந்தரவா? மூன்றாவதை அனுப்பினால் அதன்படி நடக்கவும் வேண்டும். பார்ட்டி போய்விடுவாரோ என்று பயமாக இருக்கும். எனக்கும் ஒருவர் போனார்.

"பெரிய கம்பெனி. நாலு மாசமா இந்தா அந்தான்னு இழுக்கான். நாம என்ன செய்ய முடியும்?"

நிறையச் செய்யலாம், ஆனால் சின்னத் தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, இணையத்தில் நீங்களே பதியலாம். பொருளை அனுப்புவதற்கு முன்பே பதிந்து, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுவது நல்லது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் என்ன கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் இன்னொன்றும் உண்டு: கெடு தாண்டி நிலுவை வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் அந்தக் கம்பெனி வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால் மூன்றாவது மெசேஜுக்குப் பிறகு நாலாவதாக லெட்டர் பேடில் ஒரு கடிதம் போகட்டும். பில் எண், தேதி, தொகை, உத்யம் எண், "எம்எஸ்எம்இ சட்டப்படி வட்டியோடு சேர்த்துக் கோர எனக்கு உரிமை உண்டு". இவ்வளவுதான், மிரட்டல் தொனி வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால், இந்த மாதிரிப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம். வழி கேட்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். ஒரு கசப்பான விஷயம்: இது தயாரிக்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

"பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துட்டு. பொருளைக் கொடுத்திரலாமா?"

ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு படம், அவ்வளவுதான். உங்கள் கணக்கில் வரவு பார்த்துவிட்டுக் கொடுங்கள். "இன்னும் வரவு காட்டவில்லை சார், வந்ததும் உடனே பார்சல் போடுகிறேன்" என்றால் நேர்மையானவர் கோபப்பட மாட்டார். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

"வாட்ஸ்அப்ல பேசுனதெல்லாம் கோர்ட்ல செல்லுமா?"

செல்லும், முறையாகக் கொடுத்தால். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை ஏற்கிறது. சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை, மெசேஜை அழிக்காமல் வைத்திருப்பது, தானாக மறையும் வசதியை வியாபார நம்பரில் அணைத்து வைப்பது, போனை மாற்றும் முன் பேக்கப் எடுப்பது. மேலே சொன்ன "சரி" என்ற ஒற்றைச் சொல் இங்கேதான் கைகொடுக்கும்.

பழைய பாக்கிக்கு ஒரு கணக்கு உண்டு. கடனாகக் கொடுத்த பொருளுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான். அதற்குள் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். மார்ச் மாதம் எல்லாப் பாக்கிக்காரர்களிடமும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் வாங்குகிற பழக்கம் பெரிய கடைகளில் உண்டு. நாமும் வாங்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"சொந்தக்காரங்க கடன் சொன்னா? அங்க இந்த மெசேஜெல்லாம் ஓடுமா அக்கா?"

ஓடாது. அங்கே தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "மாமா, வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க. கடைச் சாமானுக்கு மட்டும் ரொக்கம், எங்களுக்கும் அப்படித்தான் சப்ளையர் கேக்கான்." சிரித்துக்கொண்டே, சாமான் கட்டுவதற்கு முன். கட்டின பிறகு சொன்னால் பகை. முழுக்க மறுக்க மனசு வராவிட்டால் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுங்கள், பில்லில் தள்ளுபடி என்றே எழுதி.

"நீங்க இதெல்லாம் ஒழுங்காச் செய்றீங்களா?"

போன ஆவணியில் என் மதினி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தேன். ப்ரூஃபில் கையெழுத்து வாங்கினேன், தேதியும் கிழமையும் சரிபார்த்தேன், சொன்ன நாளில் கொடுத்தேன். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார்கள். வாயில் வந்ததைத்தான் சொன்னேன், "பாத்துக்கிடலாம் மதினி". இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.